ஒரு வாக்கியம் பிறக்க ஆன காலம்: டோனி ஆடம்ஸும் ஆங்கிலக் கால்பந்தின் குடிப் பண்பாடும்

1996 செப்டம்பர் மாத நடுவில், லண்டனுக்கு வடக்கே உள்ள பயிற்சித் திடலில், ஆர்சனல் அணியின் தலைவர் டோனி ஆடம்ஸ் தம் சக ஆட்டக்காரர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னார். தாம் ஒரு குடிநோயாளி என்பதே அச்செய்தி. அப்போது அவருக்கு வயது 29. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த அணியிலும், எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அதன் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். அதே கோடையில் இங்கிலாந்து அணிக்கும் தலைமையேற்று ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை அழைத்துச் சென்றவர். சில நாள்களுக்குள் செய்தித்தாள்கள் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்தன.

இச்செய்தியில் புதிய தகவல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடம்ஸ் குடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் நேரில் கண்டவர்கள். சிலர் அவருடன் அமர்ந்து குடித்தவர்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக அவர் சிறை சென்றதை நாடே அறியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கு அன்று ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் வந்துசேர ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்பதே ஆங்கிலக் கால்பந்தின் சமூக வரலாற்றில் கேட்கத்தக்க கேள்வி.

மதுவும் கால்பந்தும் இங்கிலாந்தில் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. 1885இல் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமானபோது, தொழில்நகரங்களில் பெருகிய கழகங்களுக்குப் பணமும் நிலமும் தரக்கூடியவர்களாக இருந்தோரில் மதுவடிப்பு ஆலை உரிமையாளர்கள் முக்கியமானவர்கள். 1892இல் எவர்ட்டன் கழகம் ஆன்ஃபீல்டு திடலை விட்டு வெளியேறியபோது, வெறுமையான திடலுக்காக லிவர்பூல் கழகத்தைத் தோற்றுவித்த ஜான் ஹூல்டிங் பீர் ஆலை நடத்தியவர். 1902இல் கடனில் மூழ்கியிருந்த நியூட்டன் ஹீத் கழகத்தை மீட்டு, மான்செஸ்டர் யுனைடெட் என்ற புதிய பெயரில் நிலைநிறுத்திய ஜான் ஹென்றி டேவிஸும் அதே தொழில் செய்தவர். ஆட்டத்துக்கு முன் ரசிகர் கூடும் இடமும், ஆட்டத்துக்குப் பின் ஆட்டக்காரர் கூடும் இடமும் மதுவிடுதியே. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் பலர் மதுவிடுதி நடத்திப் பிழைத்தனர். ஆக, மது இந்த விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்த தீமையாக ஒருபோதும் உணரப்படவில்லை. அது வீட்டுச் சொந்தமாகவே இருந்தது.

அரசு இவ்வுறவில் தலையிட்டபோதும் அதன் பார்வை ஒரு பக்கமே சென்றது. 1985இல் இயற்றப்பட்ட விளையாட்டு நிகழ்வுகளில் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம், திடலைப் பார்த்தபடி மது அருந்துவதையும் ரசிகர்களின் பேருந்துகளில் மது கொண்டு செல்வதையும் தடை செய்தது. பார்வையாளரின் குடி பொது ஒழுங்குச் சிக்கல் எனக் கருதப்பட்டது. ஆட்டக்காரரின் குடி எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

ஆட்டக்காரரின் குடியைப் பற்றிப் பேச ஆங்கிலக் கால்பந்துக்கு நெடுங்காலம் இரண்டே மொழிகள் இருந்தன. முதலாவது பெருமையின் மொழி. நிறையக் குடித்தும் தள்ளாடாமல் நிற்பவன் ஆண்மை மிக்கவன். இரவு முழுவதும் குடித்துவிட்டுக் காலையில் பயிற்சிக்கு வருபவன் கெட்டிக்காரன். இரண்டாவது மொழி, முதல் மொழி தோற்றுப்போகும் இடத்தில் தொடங்குவது. அது இரங்கலின் மொழி: வீணாய்ப்போன மேதை, தன்னைத் தானே அழித்துக்கொண்டவன் என்று பேசுவது. இவ்விரண்டுக்கும் நடுவே, குடிப்பவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு உதவக்கூடிய மொழி எதுவும் இருக்கவில்லை.

ஜார்ஜ் பெஸ்ட் இவ்விரு மொழிகளாலும் எழுதப்பட்ட வாழ்வு. 1968இல், 22 வயதில், ஐரோப்பியக் கழகங்களின் கோப்பையை வென்று அவ்வாண்டின் சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். 27 வயதில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு ஆடுவதே முடிந்துபோயிற்று. 1984ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸைக் குடிபோதையில் கார் ஓட்டிய வழக்கில் சிறையில் கழித்தார். 2002இல் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. அதன் பிறகும் குடி திரும்பியது. 2005 நவம்பர் 25 அன்று 59 வயதில் இறந்தார். அவருடைய குடியைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் அவருடைய கோல்களைப் போலவே புகழ்பெற்றவை. அவற்றில் பலவற்றை அவரே சொன்னார் என்பதுதான் துயரத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. நோயாளி தம் நோயைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரே வடிவம் கேலியாக இருந்தது.

ஜிம்மி கிரீவ்ஸ் வேறு வழி கண்டவர். இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல் அடித்த அவர், 1966 உலகக் கோப்பையின் முதற்சுற்றில் காயம்பட்டு இறுதி ஆட்டத்தில் இடம்பெறாமல் போனார். முதல்நிலைக் கால்பந்தை 1971இல் விட்ட பிறகு குடி அவரை முழுமையாக ஆட்கொண்டது. 1978இல் குடியை நிறுத்தினார். அதைப் பற்றி நூலும் எழுதினார். தொலைக்காட்சியில் அனைவரும் விரும்பும் முகமானார். 2021இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. ஆயினும் அவர் பேசியது ஆடி முடித்த பிறகு. ஆடிக்கொண்டிருப்பவர், அதிலும் அணித்தலைவர், அப்படிப் பேசக்கூடும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

இந்தச் சூழலில்தான் ஆடம்ஸ் வளர்ந்தார். 1966 அக்டோபரில் பிறந்து கிழக்கு லண்டனின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியான டேகன்ஹாமில் வளர்ந்த அவர், 1983 நவம்பர் 5 அன்று, 17 வயது நிறைந்த சில வாரங்களில், ஆர்சனலுக்காக முதன்முறை களமிறங்கினார். 1988 தொடக்கத்தில், 21 வயதில், அணித்தலைவரானார். 1989 மே 26 அன்று லிவர்பூலின் திடலிலேயே இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலையில், இறுதி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலால் ஆர்சனல் 2–0 என வென்றபோது கோப்பையை ஏந்தியவர் அவரே. உடலைப் பொருட்படுத்தாத தற்காப்பு, உரத்த குரல், பின்வாங்காமை ஆகியவை அவருடைய அடையாளங்கள்.

அதே உடல் குடிக்கும் இலக்கானது. ஆர்சனலில் புதன்கிழமை ஓய்வு நாள். ஆகவே செவ்வாய்ப் பயிற்சி முடிந்ததும் கூட்டமாகக் குடிக்கச் செல்வது வழக்கம். ‘செவ்வாய்க் கழகம்’ என்று அதற்குச் செல்லப் பெயரும் உண்டு. குப்பைக்கூடைக்குப் போடும் நெகிழிப் பைகளைச் சட்டைக்குள் அணிந்து ஓடி, முந்தைய இரவின் மதுவை வியர்வையாக வெளியேற்றுவது பயிற்சியின் பகுதியானது. செல்லப் பெயர் வைக்கப்பட்ட ஒன்றைக் கேள்வி கேட்பது கடினம். கழகம், கூட்டு, சடங்கு என்ற சொற்களுக்குள் அடங்கிவிட்ட பழக்கம், தனியொருவரின் கட்டுப்பாட்டை மீறிப் போவது வெளியே தெரிவதில்லை.

1990 மே மாதம், எசெக்ஸில் தம் வீட்டுக்கு அருகே ஆடம்ஸ் ஓட்டிய கார் ஒரு சுவரில் மோதியது. சட்டம் அனுமதித்த அளவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு மது அவர் உடலில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று சவுத்தெண்ட் நீதிமன்றம் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் ஏறத்தாழ இரண்டு மாதங்களைச் செம்ஸ்ஃபோர்டு சிறையில் கழித்தார். பெஸ்டுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு புகழ்பெற்ற கால்பந்தாட்டக்காரர் அதே காரணத்துக்காகச் சிறையில் கிறிஸ்துமஸைக் கழித்தார்.

இங்கே மூன்றாவது மொழி நுழைகிறது: குற்றத்தின் மொழி. இதற்கு ஒரு தெளிவு உண்டு. சாலையில் செல்லும் பிறருக்கு ஆபத்து விளைவித்தது தண்டனைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குற்றத்தின் மொழி ஒரு நிகழ்வைத்தான் காணும். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் நீளும் நிலையைக் காணாது. தண்டனை முடிந்ததும் கணக்கு தீர்ந்ததாக அது கொள்ளும். 1991 பிப்ரவரியில் வெளிவந்த ஆடம்ஸை ஆர்சனல் மீண்டும் தலைவராகவே ஏற்றது. அவர் சிறையிலிருந்தபோது, பிப்ரவரி 2 அன்று, செல்சியிடம் அணி தோற்றது; அப்பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் அடைந்த ஒரே தோல்வி அது. பருவ முடிவில் பட்டம் ஆர்சனலுக்கே கிடைத்தது. அவரில்லாமல் தோற்றார்கள், அவர் வந்ததும் வென்றார்கள் என்று கதை எழுதுவது எளிதாயிற்று. அந்தக் கதையில் குடிக்கு இடமில்லை. வெளியே வந்தவர் முன்போலவே குடித்தார்.

1993இல் எஃப்.ஏ. கோப்பையும் லீக் கோப்பையும், 1994இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களின் கோப்பையும் வந்தன. குடிநோயைப் பற்றிய பொதுவான கற்பனை, வேலை இழந்து தெருவில் கிடப்பவரையே காட்டும். கோப்பை ஏந்தி நிற்பவரை அந்தக் கற்பனையால் அடையாளம் காண முடியாது. ஆடம்ஸின் நோயை மறைத்த திரை அவருடைய வெற்றியே.

நோய் என்ற சொல் அப்போது கிடைக்காத ஒன்றன்று. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், பிரித்தானியக் கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804இலும் அளவுமீறிய குடியை நோயென எழுதினர். ‘ஆல்கஹாலிசம்’ என்ற சொல்லின் மூலத்தை 1849இல் உருவாக்கியவர் சுவீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குவணிகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம், 1947இல் லண்டனில் முதல் கூட்டத்தை நடத்தியது. ஆடம்ஸ் பிறப்பதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல்லும் அந்த அறையும் அவருடைய நகரத்தில் இருந்தன. ஒரு மொழியில் ஒரு சொல் இருப்பதும், ஒரு சமூகக்குழு அதைத் தன் வாயில் ஏற்பதும் வெவ்வேறு நிகழ்வுகள். மருத்துவமனையிலிருந்து உடைமாற்றும் அறைக்குச் செல்ல அச்சொல்லுக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

முதல் கதவைத் திறந்தவர் ஆடம்ஸின் அணித்தோழர் பால் மெர்சன். 1994 நவம்பரில், மது, கோகெய்ன், சூதாட்டம் ஆகிய மூன்றுக்கும் தாம் அடிமைப்பட்டிருப்பதை அவர் வெளிப்படுத்தினார். கால்பந்துச் சங்கம் தண்டிப்பதற்கு மாறாக அவரைச் சிகிச்சைக்கு அனுப்பியது. இது அன்றைய நிலையில் பெரிய மாற்றம். ஆனால், அதே உடைமாற்றும் அறையில் இருந்த அணித்தலைவர் மேலும் 21 மாதங்கள் குடித்தார். பிறருக்குப் பொருந்தும் சொல்லைத் தமக்குப் பொருத்திக்கொள்வதற்கு இடையே உள்ள தொலைவு அவ்வளவு.

1996ஆம் ஆண்டுக் கோடை அந்தத் தொலைவைக் கடக்க வைத்தது. ஐரோப்பியக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. தொடருக்கு முன் ஹாங்காங் விடுதியொன்றில், நாற்காலியில் சாய்ந்த இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் வாயில் மது ஊற்றப்படும் படங்கள் வெளியாகிக் கண்டனம் எழுந்தது. ஜூன் 15 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராகப் பால் காஸ்காயின் கோலடித்ததும், புல்லில் படுத்த அவர் வாயில் தோழர்கள் குடுவைத் தண்ணீரைப் பீய்ச்சி அக்காட்சியை நடித்துக்காட்டினர். நாடே சிரித்தது. பெருமையின் மொழி எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரே கோலில் கண்டனம் கொண்டாட்டமானது. அந்த அணியின் தலைவர் ஆடம்ஸ், தொடர் முடியும்வரை குடியைத் தள்ளிவைத்திருந்தார். ஜூன் 26 அன்று வெம்பிளியில் ஜெர்மனியிடம் பெனால்ட்டியில் தோற்றதும், தள்ளிவைத்தது திரும்பி வந்தது. ஏறத்தாழ ஏழு வாரங்கள் அவர் குடித்தார். 1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, அவருடைய கடைசிக் குடி.

இத்தேதி வரலாற்று நோக்கில் முக்கியமானது. ஆடம்ஸின் மீட்சியைப் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் வருகையோடு இணைத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது: பிரான்சிலிருந்து அறிவாளி ஒருவர் வந்தார், உணவை மாற்றினார், மதுவைக் கட்டுப்படுத்தினார், குடிகாரத் தலைவர் திருந்தினார் என்று. வெங்கர் பொறுப்பேற்றது 1996 அக்டோபர் 1 அன்று. ஆடம்ஸ் குடியை நிறுத்தி அப்போது 46 நாள்கள் ஆகியிருந்தன. முந்தைய மேலாளர் புரூஸ் ரியாக் ஆகஸ்ட் 12 அன்று நீக்கப்பட்டிருந்தார். ஆகவே மீட்சி தொடங்கிய வாரங்களில் ஆர்சனலுக்கு நிலையான மேலாளரே இல்லை. வெங்கரின் முறைகள் ஆடம்ஸின் ஆட்டவாழ்வை நீட்டின என்பது உண்மை. குடியை நிறுத்தியது, பெயர் தெரியாத பலர் வட்டமாக அமர்ந்திருந்த அறைகளில் நிகழ்ந்தது. பேராளுமை ஒருவரின் செயலாக மாற்றத்தை விளக்க விரும்பும் வரலாறு, இத்தகைய அறைகளைக் காணத் தவறிவிடுகிறது.

அவ்வறைகளில் சொல்லப்படும் வாக்கியம் மொழியியல் கவனத்துக்கு உரியது. ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஒவ்வொருவரும் தம்மை அறிமுகம் செய்கின்றனர். இருபது ஆண்டுகள் குடிக்காதவரும் அப்படியே சொல்கிறார். ஆங்கிலத்தில் அவ்வாக்கியம் நிகழ்கால வினையில் அமைகிறது. கடந்தகாலத்துக்கு அதை மாற்றுவதில்லை. தமிழில் அது பெயர்ப்பயனிலை வாக்கியம். காலம் காட்டும் வினையே அதில் இல்லை. தமிழில் ‘குடிகாரர்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் புலப்படும். வேலைக்காரர், பணக்காரர், கடைக்காரர் என்பனபோல ‘காரர்’ ஈறு ஒருவரை அவருடைய தொழிலாலோ உடைமையாலோ குறிக்கிறது. ‘குடிகாரர்’ என்னும்போது குடியே அவருடைய தொழிலாகிவிடுகிறது, பழியும் அவரையே சேர்கிறது. ‘குடிநோயாளி’ என்ற சொல் குடிக்கும் ஆளுக்கும் இடையே நோயை வைக்கிறது. பொறுப்பை அது நீக்குவதில்லை. பொறுப்பின் இடத்தை மாற்றுகிறது. நோய் வந்தமைக்கு அவர் குற்றவாளியல்லர். அதைக் கவனித்துக்கொள்ளும் கடமை அவருடையது.

அணித்தலைவர் ஒருவருக்கு இவ்வாக்கியம் எவ்வளவு கடினமானது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வியக்கத்தின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் தாம் ஆற்றலற்றவர் என்று ஒப்புக்கொள்வது. விட்டுக்கொடுக்காமை, கட்டுப்பாடு, தனி மன வலிமை ஆகியவற்றால் புகழ்பெற்ற ஒருவர் கைவிட வேண்டியது அவற்றையே. அவருடைய வெளிப்பாட்டைப் பாராட்டிய சக ஆட்டக்காரர் ஒருவர், அதற்கு நிறைய ‘பாட்டில்’ வேண்டும் என்றார். லண்டன் பேச்சுவழக்கில் ‘பாட்டில்’ என்றால் துணிச்சல். நாட்டையே சிரிக்க வைத்த அந்த வாய்தவறலில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: குடியை விடும் துணிவைப் பாராட்டவும் அம்மொழியில் புட்டியின் பெயரே முதலில் வாய்க்கு வந்தது.

இன்னொரு முரணும் உண்டு. அவ்வியக்கம் பெயரின்மையை அடித்தளமாகக் கொண்டது. உறுப்பினர் ஊடகங்களில் உறுப்பினராக அடையாளம் காட்டிக்கொள்ளாமை அதன் மரபு. நாடறிந்த முகமுடைய ஒருவரின் மீட்சியோ ஒருநாளும் முழுமையாக மறைந்திருக்க முடியாது. 1998இல் விளையாட்டு எழுத்தாளர் இயன் ரிட்லியுடன் இணைந்து ஆடம்ஸ் வெளியிட்ட தன்வரலாறு ‘அடிக்டட்’, இந்த இழுபறியின் விளைவு. வெற்றிகளை வரிசைப்படுத்தும் விளையாட்டுத் தன்வரலாறுகளின் நடுவே, அவமானங்களை வரிசைப்படுத்திய நூல் அது.

அதே 1998 மே 3 அன்று, எவர்ட்டனுக்கு எதிராக இறுதி நிமிடங்களில் முன்னேறிச் சென்று ஆடம்ஸ் அடித்த கோலோடு ஆர்சனல் 4–0 என வென்று லீக் பட்டத்தை உறுதிசெய்தது. இரு வாரங்களில் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. 2002இல் மீண்டும் இரட்டை வெற்றி, அவ்வாண்டே ஓய்வு. ஆனால், 1998இல் குடியை விட்ட தலைவர் உயர்த்திய லீக் கோப்பை, கார்லிங் பீர் நிறுவனத்தின் பெயர் தாங்கிய லீக்கினுடையது. 1993 முதல் 2001 வரை பிரீமியர் லீக்கின் விளம்பரப் புரவலர் அந்நிறுவனமே. ஒரு மனிதர் மாறியிருந்தார். அவர் நின்ற மேடை மாறவில்லை.

அம்மேடையின் ஓரத்திலாவது மாற்றம் வேண்டும் என்பதே 2000இல் அவர் நிறுவிய ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ சிகிச்சை மையத்தின் நோக்கம். அடிமைப்பட்ட விளையாட்டு வீரர்களுக்காகவே அமைந்த மையம் அது. தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் சங்கம் அதற்குத் துணைநின்றது. 1990இல் ஆடம்ஸுக்கு முன் இருந்தவை நீதிமன்றமும் உடைமாற்றும் அறையும் மட்டுமே. பத்தாண்டுகளுக்குப் பின் அதே நிலையிலிருந்த இளைஞருக்கு மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது. தனிமனிதரின் ஒப்புதல் நிறுவனமாக மாறும்போதுதான் அது வரலாறாகிறது. இல்லையேல் நெகிழ்ச்சியூட்டும் கதையாகவே நின்றுவிடும்.

இதை வெற்றிக்கதையாக மட்டும் படிப்பது பிழை. முதலில் பேசிய மெர்சன், பின்னாளில் தாமே வெளிப்படையாகச் சொன்னபடி, பலமுறை சறுக்கினார். காஸ்காயினின் போராட்டம் ஊடகங்களின் முன் பல பத்தாண்டுகள் நீண்டது. ஒரே அறையில், ஒரே காலத்தில், ஒரே சொல்லைக் கேட்டவர்களின் வாழ்வுகள் வெவ்வேறாகச் சென்றன. சரியான சொல் குணப்படுத்திவிடுவதில்லை. உதவியைக் கேட்கும் வழியை மட்டுமே அது திறக்கிறது.

ஆடம்ஸ் 2017இல் வெளியிட்ட இரண்டாம் நூலின் பெயர் ‘சோபர்’. முதல் நூலின் பெயர் அடிமைப்பட்டவர் எனப் பொருள்படும். இரண்டாவது தெளிந்திருப்பவர் எனப் பொருள்படும். இரண்டும் ஒரே மனிதரின் நிலைகள். ஒன்று மற்றதை அழித்துவிடவில்லை. மீட்சியைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘மீண்டார்’ என்று முடித்துவிடுவது எளிது. அந்த அறைகளின் இலக்கணம் கேட்பது ‘மீண்டுகொண்டிருக்கிறார்’ என்ற தொடர்வினையை. 1996 ஆகஸ்ட் 16க்குப் பின் வந்த ஒவ்வொரு நாளையும் அவர் அந்த வினையில்தான் வாழ்ந்திருக்கிறார்.